அரைப்பேர்

அந்தமானில், கராச்சர்மா என்ற ஊரின் பஸ் நிறுத்தத்துக்கு எதிரில், பூட்டிக் கிடந்த சிமென்ட் கடையின் வாசலில் சாக்கு விரித்துக் கீரை விற்றுக்கொண்டிருந்தார். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. வெயிலிலும் மழையிலும் அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை. குள்ளமான, இறுகிய உடம்பு. வலது கைக் கட்டைவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தியைப் பல வருடம் பிடித்த விரல்.

அவரிடம் நான் முதன்முதலில் திட்டு வாங்கியது ஒரு பாராட்டுக்காக.

“நேத்துக் குடுத்த பொன்னாங்கண்ணி நல்லா இருந்துச்சுக்கா.”

“அது என் கீரை இல்ல தம்பி. இந்தா, பக்கத்துல இருக்காங்கல்ல பெங்காலி அம்மா, அவங்க கீரை. டீ குடிக்கப் போயிருந்தாங்க, நான் எடுத்துக் குடுத்தேன். அவங்ககிட்ட சொல்லுங்க.”

“பரவாயில்லக்கா, யார்கிட்ட சொன்னா என்ன?”

“ஏன் பரவாயில்ல? மண்ணைக் கொத்துனது அவங்க, பேரு எனக்கா? சொல்லுங்க, நான் பாத்துக்கிட்டுதான இருக்கேன்.”

இந்தியில் சொன்னேன். பெங்காலி அம்மாள் என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். விலையைக் குறைக்கச் சொல்ல இது ஒரு முன்னுரை என்று நினைத்தாரோ என்னவோ, “கம் நஹி ஹோகா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். குறையாதாம். இவர் மட்டும் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அரைக்கீரைக் கட்டின் மேல் தண்ணீர் தெளித்தார்.

பிறகு அவரைப் பற்றி நான் தெரிந்துகொண்டவை எல்லாம் இந்த ஒரு குணத்தின் வேறு வேறு நாட்கள்தான். தன்னுடையது அல்லாததை ஏற்க மாட்டார். தன்னுடையதை விட மாட்டார். முதலாவதை ஊர் நேர்மை என்று சொன்னது, இரண்டாவதை வாயாடித்தனம் என்றது. இரண்டும் ஒரே குணம் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச காலம் ஆனது.

பங்குனி உத்திரத்தில் ஒரு காட்சி. காவடிகள் இறங்கி, கூட்டம் சாப்பாட்டுப் பந்தலுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள். அதில் இவர் பெயரும் வந்தது. வந்த வேகத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் மைக்கைப் பிடித்துவிட்டார்.

“இந்த வருசம் நான் அரிசி குடுக்கல. போன வருசம் குடுத்தேன், போன வருசம் வாசிக்கல. அதை இங்க போட்டு நேராக்காதீங்க.”

விழாக் குழுத் தலைவர், போர்ட் பிளேயரில் மொத்த வியாபாரம் செய்யும் மதுரைக்காரர், சிரித்துச் சமாளித்தார். “விடுங்கம்மா. அடுத்த வருசம் மொதப் பேரா வாசிச்சிருவோம்.”

“அடுத்த வருசம் நான் குடுத்தா வாசிங்க.”

பந்தலில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேருக்குச் சங்கடம். சாமி கும்பிட வந்த இடத்திலும் இந்தப் பொம்பளைக்குச் சண்டைதானா என்று எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள். அவர் பந்தலில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் அந்தப் பாறை வந்து சேர்ந்தது.

சிப்பிகாட் என்ற ஊரைத் தாண்டி, சுனாமிக்குப் பிறகு உப்புத் தண்ணீர் வடியாமலே நின்றுவிட்ட வயல்களுக்கு மேலே ஒரு குன்று உண்டு. ஒரு காலத்தில் அதன் சரிவில் ரப்பர் தோட்டம் இருந்தது. தோட்டத்தைக் கைவிட்ட பிறகு காடு ஏறிவிட்டது. குன்றின் பின்பக்கம் ஒரு பாறை குடைபோல முன்னுக்கு நீண்டு நிற்கும். அதன் அடியில் பத்துப் பேர் மழைக்கு ஒதுங்கலாம்.

அப்படித்தான் ஒதுங்கினார் கல்லூரி விரிவுரையாளர் ஒருவர். தஞ்சாவூர்ப் பக்கத்து இளைஞர், ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்கக் காடு ஏறுபவர். மழை விடும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவர் கண்ணில், பாசிக்கு நடுவே செம்பழுப்பு நிறத்தில் மனித உருவங்கள் தெரிந்தன. விரல் உயரத்தில், கை விரித்த, கோடு கோடான மனிதர்கள். வரிசை வரிசையாக. அவர்களில் பலருக்குக் கால் இல்லை. இடுப்போடு நின்றுவிட்டார்கள். வரிசையின் ஒரு ஓரத்தில் மங்கலான கை அச்சு ஒன்றும் இருந்தது. கால் இல்லாத மனிதர்களின் பரபரப்பில் அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

பத்திரிகையில் முதல் செய்தியை நான்தான் எழுதினேன். ‘மிகத் தொன்மையானவையாக இருக்கலாம்’ என்று எழுதினேன். கடலைத் தாண்டிப் போனதும் ‘இருக்கலாம்’ உதிர்ந்துவிட்டது. பிறகு யாரோ ஒருவர் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, இவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்பவர்கள் என்றார். மறுநாள் எல்லாத் திரையிலும் ஒரே தலைப்பு: ஆதி மனிதன் கண்ட சுனாமி.

வெளியூர்க்காரர்களுக்கு அது வேடிக்கை. சிப்பிகாட்டுக்காரர்களுக்கு அப்படி இல்லை. அவர்கள் அந்தத் தண்ணீரில் நின்றவர்கள். பாறையைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக ஏறினார்கள், பேசாமல் நின்றார்கள், பேசாமல் இறங்கினார்கள். நெல் வயலை மொத்தமாக உப்புக்குக் கொடுத்த ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு முன்னாடியும் எவனோ நின்னிருக்கான் பாருங்க” என்றார். அவர் குரலில் இருந்தது ஆறுதல். சந்தேகமே வேண்டாம்.

இன்னொரு காரணமும் இருந்தது. அந்தக் குன்றை உடைத்து ஜல்லி எடுக்க ஒரு ஒப்பந்ததாரர் எல்லா ஏற்பாடும் செய்து வைத்திருந்தார். ராமநாதபுரத்துக்காரர். சாலை வேலைக்குக் கல் வேண்டும், குன்றில் கல் இருக்கிறது, அவ்வளவுதான் அவர் கணக்கு. அடிவாரத்தில் ஒரு வரிசை வீடுகள். வெடி வைத்தால் அங்கே சுவர் நிற்காது. பாறை ஓவியம் என்ற பேச்சு வந்ததும் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. அந்த வரிசையில் கடைசி வீடு, நம் கீரைக்காரரின் மகள் வீடு.

நான் கைபேசியில் படத்தைக் காட்டியது சும்மா பேச்சுக்குத்தான். உங்கள் மகள் வீட்டைக் காப்பாற்றியவன் இந்த ஆதி மனிதன்தான் என்று சொல்லிக் காட்டினேன். அவர் கைபேசியை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தார், தள்ளி வைத்தார், சட்டைக் கையால் திரையைத் துடைத்தார்.

“இது என் பேரு.”

“உங்க பேரா? எங்கக்கா எழுதியிருக்கு?”

“எழுதல தம்பி. போட்டிருக்கு. இந்தா, இது ஒரு பேரு. இந்தா இன்னொரு பேரு. இடுப்போட நிக்கிது பாருங்க, இது அரைப்பேரு.”

எனக்கு விளங்கவில்லை. தமிழ்நாட்டில் பிறந்த எந்தத் தமிழனுக்கும் விளங்கியிருக்காது. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் உழைப்புக்குப் பெயர், பேர். காலையில் வேலைக்குப் போய் முழு நாளும் ஒப்புக்கொள்ளப்பட்டால் ஒரு பேர். கொழுந்தின் எடை குறைந்தால், அல்லது குறைந்தது என்று மேற்பார்வையாளர் முடிவு செய்தால், அரைப்பேர். அங்கே பிறந்து, இந்தியாவுக்குப் போ என்று அனுப்பப்பட்டு, இந்தியாவின் பெருநிலத்திலும் நிற்காமல் இந்தத் தீவின் ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்ட குடும்பங்களோடு அந்தச் சொல்லும் வந்தது. நீ எந்த நாட்டுக் குடி என்று அந்தச் சொல்லை மட்டும் யாரும் கேட்கவில்லை.

“ரப்பர்ல விடியமுந்தியே பால் வெட்டணும்” என்றார். “வெட்டி வச்சிட்டு வருவோம். மழை புடிச்சிக்கிரும். சிரட்டையில பாலும் தண்ணியும் ஒண்ணாயிரும். கணக்கப்பிள்ளை வந்து பாப்பான், பால் இல்ல, அரைப்பேருன்னுருவான். ஏன் சாமி, வெட்டுன கை வெட்டுனதுதான? மழை நான் வரவழைச்சதா? கேட்டா, புஸ்தகத்துல எழுதியாச்சு, போ.”

“அப்புறம்?”

“மழைக்கு அந்தக் கல்லுக்கு அடியில ஒதுங்குவோம். செம்மண்ணை அள்ளி ரப்பர் பால்ல கொழைச்சு நான் போட்டேன். முழுப்பேரு குடுத்த நாளைக்கு முழு ஆளு. அரைப்பேரு குடுத்த நாளைக்கு அரை ஆளு. எங்க கூட்டத்துப் பொம்பளைங்க எல்லாத்துக்கும் நான்தான் போட்டேன். எனக்கு எழுதத் தெரியாது. அவன் புஸ்தகத்துல என்னா எழுதுறான்னு எனக்குத் தெரியாது. நான் என்னா போடுறேன்னு அவனுக்குத் தெரியட்டுமேன்னு போட்டேன்.”

“தெரிஞ்சுதா?”

“கூட்டியாந்து காட்டுனேன்ல! பெரிய தொரையவே கூட்டியாந்து காட்டுனேன். ‘நல்லா படம் போடுறியே’ன்னு சிரிச்சிட்டுப் போனான்.” கைபேசியை என் கையில் திருப்பி வைத்தார். “அன்னிக்கும் படம்னுதான் சொன்னான். இன்னிக்கு நீங்களும் படம்னுதான் சொல்றீங்க.”

விரிவுரையாளரிடம் நான் சொன்னபோது அவர் வாதாடவில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி: “அந்த அம்மா இதை வேற யார்கிட்டயாவது சொல்லிட்டாங்களா?”

அவர் மீது குறை சொல்ல மாட்டேன். கல் உடைப்பது நின்றது அந்தச் செய்தியால்தான் என்று அவருக்குத் தெரியும். பெருநிலத்திலிருந்து ஆய்வு அதிகாரி வரவிருந்தார். அதற்குள் கீரைக்காரரைச் சமாதானப்படுத்திவிடலாம் என்று மகள் வீட்டுக்கு எங்களை அழைத்துப் போனார். மகள் எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டுத் தாயிடம் திரும்பினார்.

“வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இரும்மா. ஆதி மனுசன் போட்டான்னே இருக்கட்டும். ஒனக்கு என்னா கொறைஞ்சு போச்சு?”

“நான் பட்டது கொறைஞ்சு போச்சு.”

“அம்மா, அவங்க யாரும் உங்களப் பொய் சொல்லச் சொல்லல” என்றார் விரிவுரையாளர். “யாரும் கேக்காதவரைக்கும் சொல்லாம இருந்தாப் போதும். அந்த வேலை நிக்கணும்ல?”

“சார், நீங்க நல்ல புள்ள. ஆனா கேளுங்க. கணக்கப்பிள்ளை பாதியைத்தான் எடுத்தான். நீங்க மிச்சத்தையும் எடுத்து, செத்துப்போன எவனுக்கோ குடுக்கச் சொல்றீங்க.”

மகள் குரலை உயர்த்தினார். “குன்னை ஒடைச்சா என் வீடு விழும்மா! இந்தச் செவுரு. இந்தா, இது. ஒன் பேரன் இதுக்குப் பக்கத்துல தூங்குறான்.”

அவர் சுவரைப் பார்த்தார். நீல வண்ணம் பூசிய செங்கல் சுவர். கீழே ஈரம் ஏறியிருந்தது. அதை அவர் பார்த்த விதத்தில், மகள் சொன்னது ஏறவில்லை என்று யாரும் நினைத்திருக்க முடியாது.

“வெடி வைக்க வந்தா மேல ஏறி நான் உக்காந்துக்கிறேன். செவுத்துக்கு நான் சண்டை போடுவேன். அதுக்காக என் பேரைத் தூக்கிக் குடுக்க மாட்டேன்.”

அதன் பிறகு மகள் அவரோடு பேசவில்லை. விஷயம் எப்படியோ வெளியே கசிந்தது. சிப்பிகாட்டுப் பெரியவர் பஸ் ஏறிக் கராச்சர்மாவுக்கே வந்துவிட்டார். கீரைச் சாக்குக்கு முன்னால் நின்று, “அது நாங்கதான்னு நெனச்சிக்கிட்டிருந்தோமே தாயி” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் இவருக்குப் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

“நீங்க தண்ணியில நின்னது நெசம்ணே. நான் இல்லேங்கலையே. அதை நீங்க வேற எடத்துல போடுங்க. என்னது மேல போடாதீங்க.”

பெரியவர் போய்விட்டார். எனக்கு அன்று கீரைக்காரரைப் பிடிக்கவில்லை. இவ்வளவு பேருக்கு நிம்மதி தந்த ஒன்றை, செத்துப்போன ஒரு தோட்டத்தின் அரை நாளுக்காகப் பிடுங்கத்தான் வேண்டுமா என்று தோன்றியது. கீரை வாங்காமலே பஸ் ஏறினேன்.

ஆய்வு அதிகாரி வந்த நாளில் பாறைக்கு முன்னால் நல்ல கூட்டம். அதிகாரி ஒரு பெண்மணி, வடநாட்டவர், நரைத்த தலை, சேறு அப்பிய பூட்ஸ். அதிகம் பேசவில்லை. கழுத்தில் தொங்கிய சிறு உருப்பெருக்கியை ஒவ்வொரு உருவத்தின் மீதும் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒப்பந்ததாரர் இரண்டு ஆட்களோடு ஒரு பக்கம். அடிவாரத்து வீட்டுக்காரர்கள் இன்னொரு பக்கம், மகளும் அவர்களோடு. விரிவுரையாளர் நடுவில்.

இவர் முழுக்கைச் சட்டையோடு மூச்சு வாங்க ஏறி வந்தார். கையில் பழைய பால் வெட்டும் கத்தி. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஓர் அரை ஆளுக்குக் கீழே, சாந்து வழிந்து உருண்டு காய்ந்திருந்த சொட்டு ஒன்றைக் கத்தி நுனியால் பெயர்த்தார்.

அதிகாரி கத்தினார். “ருகோ! கியா கர் ரஹி ஹோ?” நிறுத்து, என்ன செய்கிறாய்?

“மேரா ஹை மேடம்” என்றார். என்னுடையது. தீவின் இந்தியில், அவசரமே இல்லாமல். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி எடுத்தார். கத்தி நுனியில் ஒட்டியிருந்த துணுக்கைக் கொளுத்தினார். கரும்புகை நூல்போல் எழுந்தது. அந்த நாற்றம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். சைக்கிள் டயர் எரியும் நாற்றம்.

ரப்பர் மரம் இந்தத் தீவில் வெள்ளைக்காரன் காலத்துக்கு முன்னால் கிடையாது. இதை அங்கே யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதிகாரி அந்தத் துணுக்கை வாங்கி முகர்ந்தார், விரலால் நசுக்கினார், தலையாட்டினார். கூட்டத்தில் ஒரு முனகல். மகள் முகத்தை மூடிக்கொண்டார்.

ஒப்பந்ததாரர்தான் முதலில் சிரித்தார். “பாத்தீங்களா? கெழவி கிறுக்குனதுக்கு ஆறு மாசமா என் வேலையை நிறுத்தி வச்சிருக்கீங்க. ஆதி மனுசனாம்!” கைபேசியை எடுத்தார். “டேய், வண்டியைக் கெளப்பச் சொல்லு.”

“போனை வைய்யி. இன்னும் முடியல.”

கீரைக்காரர் அதிகாரியின் பக்கம் திரும்பினார். விரலால் வரிசை முழுவதையும் காட்டி, “யே மேரா” என்றார். இது என்னுடையது. பிறகு ஓரத்துக்கு நடந்து, மங்கலான அந்தக் கை அச்சுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, “வோ மேரா நஹி” என்றார். அது என்னுடையது இல்லை.

ஒப்பந்ததாரர் விடவில்லை. “அதை நீ போடாம உங்கப்பனா போட்டான்?”

“எங்கப்பன் தேயிலை மலையில செத்தான். அவனை இங்க இழுக்காத. வரிசையைப் பாருய்யா, கண்ணு இருக்குல்ல?”

அப்போதுதான் நாங்கள் பார்த்தோம். எத்தனையோ முறை படம் எடுத்திருக்கிறேன், பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன், இதைப் பார்த்ததில்லை. ஆட்களின் வரிசை நேராக வருகிறது. கை அச்சை நெருங்கும்போது இறங்குகிறது. கையைத் தொடாமல் அதன் அடியில் வளைந்து போய், அந்தப் பக்கம் மறுபடி மேலே ஏறி, நேராகப் போகிறது. நடைபாதையில் படுத்திருப்பவரைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி.

“மொத நாள் ஒதுங்குனப்பவே அந்தக் கை இருந்துச்சு” என்றார். விரிவுரையாளர் அதிகாரிக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். “எவளோ ஒருத்தி கை. என் கையைவிடச் சின்னது. அது மேல போட மனசு வரல. கீழ எறக்கிப் போட்டேன்.”

“படம் வரைஞ்சு ஊரை ஏமாத்துன கெழவி பேச்சை யார் நம்புறது மேடம்?” என்றார் ஒப்பந்ததாரர்.

“நான் எப்ப ஊரை ஏமாத்துனேன்? நீங்களா வந்தீங்க, நீங்களா ஆதி மனுசன்னீங்க. பொய் சொல்றவளா இருந்தா வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பேன். என் மக வீடு நின்னிருக்கும், ஊரு என்னைக் கும்பிட்டிருக்கும். என்னதை என்னதுன்னு சொன்னப்ப நம்புனீங்கல்ல? மூக்கைப் புடிச்சிக்கிட்டு நம்புனீங்கல்ல? என்னது இல்லேன்னு சொல்றதையும் அதே வாயிதான் சொல்லுது.”

அதிகாரி கை அச்சுக்கு முன்னால் மண்டியிட்டு வெகுநேரம் இருந்தார். அதன் நிறம் வேறு. செம்பழுப்பு இல்லை, பாறையோடு கலந்துபோன மங்கிய காவி. அதன் மேல் கண்ணாடிபோல மெல்லிய சுண்ணாம்புப் படிவம் ஏறியிருந்தது. இவருடைய ஆட்கள் மீது அது இல்லை. எழுந்து அவர் சொன்னதை விரிவுரையாளர் தமிழில் சொன்னார்: இது அந்த உருவங்களுக்கு முந்தியது, அதை உறுதியாகச் சொல்லலாம். எவ்வளவு முந்தியது என்று இப்போது சொல்ல முடியாது. நூறு வருடமாக இருக்கலாம், பல ஆயிரமாக இருக்கலாம். தெரியும்வரை இந்தக் குன்றில் யாரும் கை வைக்கக்கூடாது.

“தெரியாதுன்னா சொல்றாங்க?” என்று கேட்டார் கீரைக்காரர்.

“ஆமாம்மா.”

“நல்ல பொம்பள.”

இறங்கும்போது நான் அவரோடு நடந்தேன். அது யாருடைய கையாக இருக்கும் என்று கேட்டேன்.

“எனக்கு என்ன தெரியும்? நீங்க கப்பல்ல வந்தீங்க, நான் கப்பல்ல வந்தேன், அந்தா போறானே ராம்நாட்டுக்காரன், அவனும் கப்பல்லதான் வந்தான். அது கப்பல்ல வராத கை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

செய்தியில் உங்கள் பெயரைப் போடட்டுமா என்றேன்.

“பேப்பர்ல எதுக்கு? என் பேரு பாறையில இருக்கு.”

அதனால்தான் இங்கேயும் போடவில்லை.

குன்று நிற்கிறது. அனுமதி இன்றுவரை கிடப்பில் இருக்கிறது. கை அச்சின் வயது பற்றி இன்னும் முடிவு வரவில்லை. இரண்டு நிபுணர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள் என்று கேள்வி. பாறைக்கு முன்னால் கம்பி வேலி போட்டு ஒரு பலகை வைத்தார்கள். அதில் முதலில் ‘கை அச்சும் அண்மைக்காலக் கிறுக்கல்களும்’ என்று இருந்தது. அவர் அலுவலகத்துக்குப் போய், கிறுக்கல் என்ற சொல்லை அழிக்கும்வரை வராந்தாவில் கீரை விற்றார். இதை நான் நேரில் பார்த்தேன். ஊழியர்களில் பலர் வாங்கவும் செய்தார்கள். கடைசியில் ‘தோட்டத் தொழிலாளர் இட்ட பேர்கள்’ என்று தமிழில் மாற்றினார்கள். அதை அப்படியே இந்தியிலும் ஆங்கிலத்திலும் பெயர்த்தவர், பேர் என்றால் பெயர்தானே என்று நினைத்துவிட்டார். இன்றும் சுற்றுலாப் பயணிகள் கம்பி வேலியில் முகத்தை வைத்துக்கொண்டு, பாறையில் எழுத்துகளைத் தேடுகிறார்கள். அதையும் மாற்றச் சொல்வோமா என்று கேட்டேன்.

“தமிழ்ல சரியாத்தான இருக்கு? மத்தவங்க வந்து கேக்கட்டும். கேட்டாச் சொல்லலாம்.”

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அந்தப் பாறையடியில்தான். தொழிலாளர் நலனில் அக்கறை கொண்ட சில இளைஞர்கள் மேலே ஏறி, வேலியைத் தாண்டி, அரை ஆட்கள் எல்லோருக்கும் வெள்ளைச் சாக்பீஸால் கால் வரைந்துவிட்டு வந்திருந்தார்கள். மறுக்கப்பட்ட நாட்களைத் திருப்பித் தரும் அடையாளமாம். படம் பத்திரிகையில் வந்தது. நல்ல எண்ணம்தான். படமும் நன்றாகத்தான் இருந்தது.

அவர் ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணியுமாக ஏறினார். முட்டி வலியால் நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து. நானும் போனேன். மகளும் பின்னால் வந்தார். அப்போது அவர்களுக்குள் பேச்சு வந்திருந்தது, ஆனால் அளந்து பேசும் பேச்சு.

“அதான் முழுப்பேரு குடுத்திருக்காங்கல்லம்மா” என்றார் மகள். “இத்தன வருசம் கழிச்சாவது. சந்தோசப்படேன்.”

அவர் துணியைப் பிழிந்து முதல் ஆளின் கால்களைத் துடைத்தார். சாக்பீஸ் பால்போல் வழிந்தது.

“இவங்க எடுத்தவங்களா குடுக்கிறதுக்கு? எடுத்தவன் குடுக்கல. இப்ப கால் போட்டு வச்சா, நாளைக்கு வர்றவங்க பாத்துட்டு, அடடே, எல்லாருக்கும் முழுப்பேரு குடுத்திருக்காங்கன்னு நெனச்சிட்டுப் போயிருவாங்க.”

அடுத்த ஆள். அதற்கடுத்த ஆள். கால்கள் ஒவ்வொன்றாகப் போய், இடுப்போடு நிற்பவர்கள் திரும்ப வந்தார்கள். கை அச்சுக்குப் பக்கத்தில் வந்ததும், துணியிலிருந்து ஒரு சொட்டும் தெறிக்காமல் இன்னொரு கையால் மறைத்துக்கொண்டு துடைத்தார்.

மகள் முந்தானையை இழுத்துச் செருகி, துணியை இரண்டாகக் கிழித்து வாங்கிக்கொண்டு வரிசையின் மறுமுனைக்குப் போனார்.

“ஒண்ணுகூட விட்டுறாத” என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல். “அவன் கொறைச்சது அப்படியே தெரியணும்.”